கொட்டகையும் ஒத்திகையும்

நாடகத்தை ஆராய்வோர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றே ஆராய்கின்றனர். ஒன்று நூலகம், மற்றொன்று அவையோர் அமரும் இடம். நூலகத்தில் நிற்போர் பாட்டையும் வசனத்தையும் கதைக்கோப்பையும் காண்பர். அவையில் அமர்வோர் வேடத்தையும் மெய்ப்பாட்டையும் இசையையும் காண்பர். இவ்விரண்டு இடங்களினின்றும் புலப்படாத மூன்றாம் இடம் ஒன்று உண்டு. அது திரைக்குப் பின்னுள்ள இடம். நடிகர் வேடம் புனைவதும், களைவதும், பாடம் கேட்பதும், பிணங்குவதும், உறங்குவதும் ஆங்கேதான். அவ்விடத்துச் செய்திகளைச் சுவையான துணுக்குகளாக நம்மவர் எழுதியதுண்டு. நாடகத்தின் உறுப்பாகக் கொண்டு ஆராய்ந்தது குறைவு. தொண்டை மண்டலக் கூத்தைப் பொறுத்தவரை இது சிறு குறையன்று. கூத்தின் பாடம் உருவாகும் இடமே அதுவாதலின், அதனை விடுத்துச் செய்யும் திறனாய்வு அடிப்படையிலேயே பிழைபடும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை இந்நோக்கில் ஒருமுறை படிப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். அக்காதையின் பெரும்பகுதி மாதவியின் ஆடலைக் கூறுவதன்று. ஆடலுக்கு முன் நிகழ்ந்தவற்றைக் கூறுவது. பன்னிரண்டு வயது நிரம்புமுன் ஏழாண்டுக் காலம் அவள் பயின்றமை முதலிற் சொல்லப்படுகிறது. பின்னர் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகள் ஒவ்வொன்றாக விரிகின்றன. அதன்பின் அரங்கின் அளவு: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். இரண்டு வாயில்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள். இத்துணையும் கூறிய பின்னரே ஆடல் வருகிறது. இளங்கோவடிகளுக்கு ஆயத்தமும் ஆடலின் பகுதியே. அச்சுப் புத்தகமும் நாற்காலி போட்ட மண்டபமும் வந்த பிறகே நம் கண் திரையின் முன்புறத்தோடு நின்றுவிட்டது.

சொற்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. வடமொழி நாடக நூல்களில் நேபத்தியம் என்னும் சொல் வேடத்தையும் குறிக்கும். வேடம் புனையும் அறையையும் குறிக்கும். உடுத்தும் பொருளுக்கும் உடுத்தும் இடத்துக்கும் ஒரே பெயர். தமிழில் ஒத்திகை என்கிறோம். ஒத்தல், ஒத்துப் பார்த்தல் என்பவற்றோடு உறவுடைய சொல் அது. ஏட்டுப் பிரதியை மூலத்தோடு ஒத்துப் பார்ப்பது போல, நடிப்பை முன்னரே நிலைபெற்ற ஒன்றனோடு ஒத்துப் பார்த்தல் ஒத்திகை. அங்ஙனமாயின் ஒத்துப் பார்ப்பதற்கு மூலம் ஒன்று முன்னரே இருத்தல் வேண்டும். மூலம் இல்லாவிடத்து ஒத்திகைக்கு வேலையில்லை. பாடம் என்னும் சொல்லோ இன்னும் நுண்ணியது. ஆசிரியன் மாணாக்கனுக்குச் சொல்வதும் பாடம். சுவடிகளில் வேறுபட்டு நிற்பதும் பாடம். பதிப்பாசிரியர் தேடும் பாடவேறுபாட்டுக்கும் கூத்து வாத்தியார் சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்கும் ஒரு பெயரே அமைந்தது தற்செயலாயினும், இவ்விரண்டும் கூத்தில் ஒரே இடத்திற் பிறக்கின்றன என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி, இவ்வாராய்ச்சிக்கு ஒரு நிலப்பகுதியைத் தேர்ந்துகொள்வது நலம். சென்னைக்கு மேற்கே திருப்பெரும்புதூர், அதன் தெற்கே சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையில் ஒரகடம், இவற்றைச் சூழ்ந்த ஏரிக்கரை ஊர்கள், மேற்கே காஞ்சிபுரம், தென்மேற்கே பாலாற்றுக்கு அப்பால் செய்யாறு, வந்தவாசிப் பகுதிகள் ஆகியன ஒரு தொடர்ச்சியான கூத்து நிலம். வெளியூரார்க்குத் திருப்பெரும்புதூர் என்றவுடன் இராமானுசர் பிறந்த தலம் நினைவுக்கு வரும். இற்றை இளைஞர்க்கு மகிழுந்துத் தொழிற்சாலை நினைவுக்கு வரும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தி தொடங்கியது. திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் வந்தது. இவ்வாலைகளைச் சுற்றியும், இவற்றுக்கு ஆள் அனுப்பும் ஊர்களிலும் திரௌபதியம்மன் கோயில்கள் உள்ளன. அக்கோயில்களின் பாரதத் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடைபெறும் வழக்கம் தொன்றுதொட்டு வருவது. தெருக்கூத்து என்று பொதுவாகச் சொல்லப்படும் இதனைக் கலைஞர் பலர் கட்டைக்கூத்து என்றே வழங்க விரும்புவர். கட்டை என்பது மரத்தாற் செய்து கண்ணாடிச் சில்லும் பொற்றாளும் ஒட்டிய கிரீடம், புயவணி, மார்புப் பதக்கம் முதலிய அணிகளைக் குறிக்கும். (மேடை நாடகத்தில் ஐந்து கட்டை, ஆறு கட்டை என்று சுருதியைக் கூறும் வழக்கோடு இதனைக் குழப்பிக்கொள்ளுதல் கூடாது, கூத்துக் கலைஞரும் உச்ச சுருதியிலேயே பாடுவராதலின் அக்குழப்பம் எளிதில் நேர்வது.)

கூத்து நிகழும் களத்தின் ஒரு பக்கத்தில் ஓலையாலோ தகரத்தாலோ துணியாலோ மறைத்த ஒரு கொட்டகை இருக்கும். கோயில் மண்டபமோ பள்ளிக்கூடத் திண்ணையோ அதற்குப் பதிலாக அமைதலும் உண்டு. கொட்டகைக்கு முன்னால் மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் ஆகியவற்றோடு இசைக்கலைஞர் அமர்வர். அவர்க்கு முன்னால் ஆடுகளம். மாலை கவிந்தபின் கலைஞர் ஒவ்வொருவராக வந்து சேர்கின்றனர். கட்டைப் பெட்டி திறக்கப்படுகிறது. தரையில் அமர்ந்து, ஒரு கையில் சிறு கண்ணாடி ஏந்தி, மறு கையால் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்கின்றனர். பெரிய வேடக்காரர்க்கு இது நெடுநேரப் பணி. துரியோதனனுக்குரிய சிவப்பைப் பூசி, அதன்மேல் வெள்ளையும் கருப்புமாகக் கோடும் புள்ளியும் இட்டு, பின்னர்ப் பலவகை உடைகளைச் சுற்றி அரையை அகலப்படுத்தி, புயத்திலும் மார்பிலும் கட்டைகளை இறுகக் கட்டி, இறுதியில் கிரீடம் வைத்துச் சலங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டும்போது, அமர்ந்திருந்தவன் வேறு, எழுந்தவன் வேறு என்று தோன்றும். கட்டையைத் தானே முதுகில் முடிந்துகொள்ள இயலாது. பிறன் ஒருவன் கட்டிவிட வேண்டும். கட்டிவிடுபவன் பெரும்பாலும் இளையவன். அவன் முடிச்சை இறுக்கும்போதே மூத்தவர் வாயில் முணுமுணுக்கும் திரை விருத்தத்தைக் கேட்கிறான். இதுவே அவனுக்கு முதற்பாடம்.

இரண்டாம் பாடம் பின்பாட்டு. களத்தில் ஆடுவோன் பாடும் அடியைப் பின்னின்று வாங்கிப் பாடுதல் வேடமின்றி நிற்பவர் அனைவர்க்கும் உரிய கடமை. இளையவன் இசைக்கலைஞர் அருகில் நின்று, வாய் திறந்து, தெரிந்த சொல்லை உரக்கவும் தெரியாத சொல்லை மெல்லவும் பாடுவான். ஒரு பருவத்தில் பல இரவுகள் இங்ஙனம் நின்றவன் ஒரு கதையின் பாட்டு முழுவதையும் தன்னையறியாமலே பெற்றுவிடுகிறான். பின்னர் ஒருநாள் யாரோ ஒருவர் வாராமற் போகிறார். வாத்தியார் கொட்டகையில் சுற்றிப் பார்த்து, இன்று நீ கட்டு என்கிறார். தனித்த ஒத்திகை என்று ஒன்று இல்லாமலேயே அவன் களத்தில் நிற்கிறான். முன்னே இருவர் பிடித்த திரை. பின்னே வாத்தியாரின் குரல். மறந்த அடியை அக்குரல் எடுத்துக்கொடுக்கும். அவையோர் காண்பது ஒரு நடிகனின் திரைவருகை; கொட்டகையிலிருப்போர் காண்பது ஒரு பாடம் ஒப்பிக்கப்படுதல். ஒரே நிகழ்ச்சி முன்னிருந்து பார்ப்பார்க்கு நிகழ்த்துதலாகவும் பின்னிருந்து பார்ப்பார்க்கு ஒத்திகையாகவும் அமைந்துவிடுகிறது.

இதனின் வேறாகப் பயிலவே இயலாத பகுதிகளும் உள. அருச்சுனன் தபசில், நெடிய தபசு மரத்தின் மேல் அருச்சுன வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுகிறார். அம்மரம் அத்திருவிழாவிற்கென்றே நடப்படுவது. ஏறுதலை வேறோரிடத்தில் ஒத்துப் பார்த்தல் அரிது. பதினெட்டாம் போர் இரவு முழுதும் ஆடியபின் விடியலில் வீமனும் துரியோதனனும் கட்டிய வேடத்தோடே படுகளத்திற்குச் செல்கின்றனர். அங்கே மண்ணால் ஆக்கிய துரியோதனன் உருவம் கிடக்கிறது. அவ்விடத்தில் கூத்தும் வழிபாடும் ஒன்றாகின்றன. கொட்டகையில் தொடங்கிய வேடம் களத்தைக் கடந்து ஊருக்குள் நுழைந்துவிடுகிறது.

கொட்டகை பாடத்தைத் தருவது மட்டுமன்று, மாற்றவும் செய்கிறது. குழுவில் பன்னிருவரோ பதினைவரோ இருப்பர். கதையிலோ அவரினும் மிக்க மாந்தர் வருவர். ஒருவரே முன்னிரவில் ஒரு வேடமும் பின்னிரவில் ஒரு வேடமும் தாங்க வேண்டும். முதல் வேடத்தைக் களைந்து இரண்டாம் வேடம் கட்டி முடியும் வரை களம் வெறுமையாக இருத்தலாகாது. அந்நேரத்தைக் கட்டியக்காரன் நிரப்புகிறான். அவன் நகைச்சுவை எவ்வளவு நீளும் என்பதனை நூல் முடிவு செய்வதில்லை. கொட்டகையில் இன்னும் கட்டப்படாதிருக்கும் முடிச்சே முடிவு செய்கிறது. அன்றிரவு பெண்வேடக்காரர்க்குத் தொண்டை கட்டியிருந்தால் பாட்டுக் குறைந்து வசனம் மிகும். இருவர்க்குள் பிணக்கு இருந்தால் எதிர்வாதப் பகுதி சூடேறும். சில சமயம் அதனாலேயே சிறக்கும். கரும காரியத்திற்கு ஆடும் கர்ண மோட்சத்தில் இறந்தார் வீட்டாரின் துயரத்தை அறிந்து வாத்தியார் ஓரிடத்தை நீட்டுவார், ஓரிடத்தைச் சுருக்குவார். அச்சுப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு களத்தின்முன் அமர்ந்த ஆராய்ச்சியாளர் இவற்றையெல்லாம் விடுபாடு, இடைச்செருகல், பிறழ்ச்சி என்று ஓரத்திற் குறித்துக்கொள்கிறார். சுவடிப் பதிப்புக்குப் பொருந்தும் அச்சொற்கள் இங்குப் பொருந்தா. ஏடெழுதினோன் கைப்பிழையால் விளைந்த வேறுபாடு ஒருவகை. கொட்டகையில் ஒருவர் ஆராய்ந்து செய்த முடிவால் விளைந்த வேறுபாடு மற்றொரு வகை. பின்னதற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை அறியும் வழியும் உண்டு. கொட்டகைக்குள் சென்று கேட்டால் போதும்.

கூத்தைப் பற்றி அயல்நாட்டறிஞர் எழுதிய நூல்களில் இவ்வகையில் வேற்றுமை காணப்படுகிறது. ஆல்ஃப் ஹில்டபைடல் 1988-இலும் 1991-இலும் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய பெருநூல்கள் கூத்தை முதன்மையாக வழிபாட்டின் பக்கத்திலிருந்து காண்பன. ரிச்சர்டு ஃபிராஸ்காவின் 1990-ஆம் ஆண்டு நூலும் மகாபாரதத்தையும் சடங்கையும் மையமாகக் கொண்டது. ஹன்னே டி புருயின் 1999-இல் வெளியிட்ட கட்டைக்கூத்து பற்றிய ஆராய்ச்சி நூலோ இக்கலையின் நெகிழ்ச்சித் தன்மையைத் தலைப்பிலேயே வைத்துப் பேசுகிறது. முன்னைய நூல்களின் புலமை பெரிது. எனினும் நடிகனைத் தொழிலாளியாகக் கண்டு, அவன் முன்பணம், வழிப்பயணம், உறக்கம், குழுவில் அவன் நிலை ஆகியவற்றோடு சேர்த்து அவன் பாட்டைக் கேட்கும் முறையே கூத்துக்கு ஏற்றது என்பது என் துணிபு. ந. முத்துசாமி கூத்தைப் பற்றி எழுதிய கட்டுரைகளிலும் இவ்வகைப் பார்வை உண்டு. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தைக் கண்டு தெளிந்தவர் அவர். 1977-இல் கூத்துப்பட்டறை தோன்றுவதற்கு அத்தெளிவு ஒரு காரணம்.

இனி ஒத்திகை என்பது நம்மிடையே எங்ஙனம் வந்தது என்பதனை நோக்குவோம். பம்மல் என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு கொண்ட சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையை நண்பரோடு தொடங்கினார். பம்மலும் ஒரகடமும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே அடங்கியவை. எனினும் கூத்துக் கொட்டகைக்கும் சுகுண விலாச சபைக்கும் இடைப்பட்ட தொலைவு பெரிது. சம்பந்தனாரை நாடகத்தின்பால் ஈர்த்தது கூத்தன்று. அவ்வாண்டில் சென்னைக்கு வந்த பல்லாரிக் குழுவின் தெலுங்கு நாடகங்களே. சபையினர் வழக்கறிஞர், அலுவலர், மாணவர் ஆகியோர். பகலெல்லாம் வேறு பணி செய்வோர். அவர் நாடகம் பயில்வதற்குக் கிடைத்தது மாலை நேரமும் விடுமுறையுமே. இச்சிறு பொழுதில் பலர் கூடி ஒரு நாடகத்தை உருவாக்க வேண்டுமாயின், எழுதி முடித்த பிரதி ஒன்று வேண்டும்; அவரவர் பகுதியைப் பிரித்துக் கொடுத்தல் வேண்டும்; குறித்த நாளில் குறித்த காட்சியை ஒத்துப் பார்த்தல் வேண்டும். சம்பந்தனாரின் ‘நாடகமேடை நினைவுகள்’ படிப்போர் அவர் இவ்வொழுங்கில் எத்துணை உறுதியாக இருந்தார் என்பதனை அறிவர். அதனைக் கலைநெறியாகவே அவர் கருதினார். இன்று பின்னோக்கிப் பார்க்குங்கால், அது கலைநெறியாதலோடு கடிகாரத்தின் நெறியுமாகும் என்பது தெரிகிறது. அலுவலக நேரம் பகலைக் கொண்டுவிட்டதனால் எஞ்சிய மாலையில் பிறந்ததே தமிழ்நாட்டு ஒத்திகை. அந்நூலை நாடக வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்துவோர் பலர். வேலை செய்யும் மனிதன் நாடகத்திற்குப் பொழுது தேடிய வரலாறாக அதனைப் படித்தவர் சிலரே.

பாலர் கம்பெனிகளில் நிலை வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆறு வயதுச் சிறுவராகச் சேர்ந்தவர் தி. க. சண்முகம். அவர் பின்னர் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ அக்கம்பெனி வீட்டை நமக்குக் காட்டுகிறது. அங்கே சிறுவர் உண்பதும் உறங்குவதும் பயில்வதும் ஒரே கூரையின்கீழ். முழு நாளும் பாடமாகவே கழியும் வாழ்க்கை அது. சுவாமிகளைப் பற்றிய ஒரு செய்தி ஈண்டுக் குறிக்கத்தக்கது. நடிகராக இருந்த நாளில் சனீசுவரன் வேடம் புனைந்து ஆடியபின், விடியற்காலையில் வேடம் களையாமல் நீர்நிலைக்குச் செல்ல, அவ்வுருவைக் கண்ட பெண்ணொருத்தி அச்சத்தால் உயிர் நீத்தாள் என்றும், அதுபோல யமன் வேடத்தைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கரு கலைந்தது என்றும், அதனால் அவர் வேடம் புனைவதை விட்டு ஆசிரியராக மாறினார் என்றும் கூறுவர். இதனைச் சுவைக்காகவே பலர் எடுத்துரைப்பர். இதன் பொருளோ ஆழ்ந்தது. படுகளத்திற்கு வேடத்தோடு செல்லும் துரியோதனனைக் கண்டு ஊரார் அஞ்சி இறப்பதில்லை, வணங்குகின்றனர். கூத்து வேடம் ஊருக்குள் வருதற்கு ஊரே இசைந்திருக்கிறது. கம்பெனி நாடகத்திலோ திரை ஒரு சுவர். அச்சுவரைக் கடந்த வேடம் பேயாகிவிடுகிறது. திரைக்குப் பின்னுள்ள இடம் இருவகை நாடகத்திலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மூன்றாவதாக ஸ்பெஷல் நாடகம். தென்மாவட்டங்களில் வழங்கும் இவ்வகையில் குழு என்பதே இல்லை. இராசபார்ட்டு ஓர் ஊரினின்றும், ஸ்திரீபார்ட்டு ஓர் ஊரினின்றும், பபூன் மற்றோர் ஊரினின்றும் தனித்தனியே ஒப்பந்தமாகி, அன்றிரவு மேடைக்குப் பின்னால் சந்திக்கின்றனர். ஒத்திகையும் இல்லை, இயக்குநரும் இல்லை. சுவாமிகளின் வள்ளி திருமணம் போன்ற கதைகளை அனைவரும் அறிந்திருத்தலே அவர்க்குப் பொதுநிலம். சூசன் சைசர் 2005-இல் வெளியிட்ட நூல் இக்கலைஞரின், சிறப்பாக நடிகையரின், மேடைக்குப் பின்னுள்ள வாழ்க்கையையும் வழிப்பயணத்தையும் ஊரார் அவர்மேல் சுமத்தும் இழிவையும் விரிவாக ஆராய்கிறது. சுவாமிகள் சிறுவரை ஆண்டுக்கணக்கில் வீட்டில் வைத்துப் பயிற்றிய அதே பிரதிகள் இங்கே ஒரு நாள் ஒத்திகையுமின்றி ஆடப்படுகின்றன என்பது வியப்பன்றோ! பிரதி ஒத்திகையை வேண்டுவதில்லை; வாழ்க்கைமுறையே வேண்டுகிறது அல்லது வேண்டாமல் விடுகிறது.

இவ்வளவும் கூறியது ஒரகடத்துச் சாலைக்குத் திரும்புவதற்காகவே. கூத்தின் பயிற்சிமுறை உழவின் காலத்தோடு பொருந்தியது. அறுவடை முடிந்து வயல் ஓய்ந்திருக்கும் மாதங்களில், பங்குனி தொட்டு ஆடி வரை, இரவு முழுவதும் விழித்திருக்க ஊருக்கு இயன்றது. விழித்தவர் பகலில் உறங்கலாம். ஆலையின் காலம் வேறு. மூன்று முறைகளாகப் பிரித்த நாளில் ஒருவன் இவ்வாரம் காலையிலும் அடுத்த வாரம் இரவிலும் பணிக்குச் செல்கிறான். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனிப் பேருந்து அவனை ஏற்றிச் செல்கிறது. விடியுமுன் பேருந்து வரும் ஊரில், விடியும்வரை நடக்கும் கூத்துக்கு இளைஞன் எங்ஙனம் நிற்பான்? அவன் கூத்தை வெறுக்கிறான் என்பதன்று. மாதச் சம்பளத்தில் திருவிழாவுக்கு வரி கொடுக்கிறான். கைப்பேசியில் படம் பிடிக்கிறான். விடுமுறை கிடைத்தால் வருகிறான். ஆனால் கொட்டகைக்குப் பின்னே பல இரவுகள் தொடர்ந்து நின்று பின்பாட்டுப் பாட அவனுக்கு இயலாது. கூத்து அழிகிறது என்று புலம்புவோர் அவையில் ஆள் குறைவதை எண்ணுகின்றனர். எண்ண வேண்டியது பின்பாட்டுக்கு நிற்கும் இளைஞரை. அவையோர் குறைந்தாலும் கூத்து நடக்கும். பின்பாட்டு நின்றுவிட்டால் அடுத்த தலைமுறை வேடக்காரன் இல்லை.

எனவே, கொட்டகை செய்த வேலையை வேறோரிடம் செய்ய வேண்டிய நிலை வந்தது. பெருங்கட்டூர்க் கூத்து மரபில் வந்த பெ. இராசகோபால் முதலியோர் முயற்சியால் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைந்தது. 2002-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அவரும் ஹன்னே டி புருயினும் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினர். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப்படிப்பும் கூத்தும் ஒருங்கே பயின்றனர். 2020 வரை அது நடைபெற்றது. குருகுலம் கம்பெனி வீட்டின் முழுநாட் பயிற்சியையும் சபையின் ஒத்திகையையும் கூத்துக்குள் கொண்டுவந்தது எனலாம். பாடத்துக்கென ஒரு நேரம் வந்தது. இரவு முழுவதும் நீளும் கூத்தோடு, நகர அரங்குக்கேற்ற குறுகிய கூத்தும் எழுந்தது. குறுகிய கூத்துக்கு முன்னரே வரையறுத்த அமைப்பு வேண்டும். வரையறுத்ததை ஒத்துப் பார்க்க வேண்டும். கொட்டகையில் கட்டியக்காரன் நிரப்பிய நேரம் அங்கே கணக்கிட்ட நேரமாயிற்று.

இதனை இழப்பென்றே கூறுவாரும் உளர். அவர் கூற்று முழுதும் தவறன்று. ஒத்திகையில் பயின்றவன் தன் பகுதியைச் செம்மையாக அறிவான். பிறர் பகுதியை அறிவதில்லை. பின்பாட்டில் பயின்றவன் எல்லார் பகுதியையும் அறிவான்; தன் பகுதி என்று ஒன்று அவனுக்குப் பிந்தியே வருகிறது. ஒருவர் வாராத இரவில் மற்றவர் எழுந்து கட்டுவது பின்னைய முறையிலேயே இயலும். கூத்தின் நெகிழ்ச்சி இயல்பாக வந்ததன்று, இப்பயிற்சியின் பயன். பயிற்சி மாறினால் நெகிழ்ச்சியும் குறையும் என்று அஞ்சுவதற்கு இடமுண்டு.

ஆயினும் இப்பக்கத்தார் ஒன்றை மறக்கின்றனர். பழைய கொட்டகை எல்லார்க்கும் திறந்த பள்ளியன்று. பெண்வேடத்தையும் ஆடவரே கட்டிய மரபில், ஆடவர் உடை களைந்து வேடம் புனையும் கதவற்ற கொட்டகையில், நள்ளிரவில், ஊர்விட்டு ஊர் சென்று, ஒரு சிறுமி பின்பாட்டுக்கு நிற்றல் எங்ஙனம் கூடும்? கேட்டே கற்கும் முறை, கேட்குமிடத்தில் நிற்க உரிமை உடையார்க்கே பயன்படும். குருகுலத்தில் பெண்பிள்ளைகள் கூத்துப் பயின்றனர்; அவருள் சிலர் பெரிய கட்டை வேடங்களையும் தாங்கினர்; பெண்களே நடத்தும் குழுவும் தோன்றியது. சுவருள்ள பயிற்சிக்கூடமும் பகல் நேரமும் குறித்த ஒத்திகையும் இல்லாமல் இது நிகழ்ந்திருத்தல் அரிது. ஸ்பெஷல் நாடக நடிகையர் மேடைக்குப் பின்னும் வழியிலும் தம் மதிப்பைக் காக்கப் படும் பாட்டைச் சைசரின் நூலிற் படித்தவர், பெண்ணுக்குத் திரைக்குப் பின்னுள்ள இடம் எத்துணை இன்றியமையாதது என்பதனை உணர்வர். ஆதலின் ஒத்திகையின் வரவைப் பழுதென ஒருமொழியால் ஒதுக்கிவிடுதல் முறையன்று. ஆடவர் வாழ்க்கைமுறைக்கு மட்டும் பொருந்தியதொரு பயிற்சியை மரபின் முழுமை என்று கொண்டதன் விளைவே அவ்வொதுக்கல்.

இதுகாறும் கண்டவற்றால் திறனாய்வு முறையில் செய்யத்தக்க மாற்றங்கள் சில புலப்படுகின்றன. கூத்துப் பிரதியைப் பதிப்பிக்கும்போது, அது எந்த ஊரில், எந்நிகழ்ச்சிக்கு, எத்துணைப் பேர் கொண்ட குழுவால், எவரெவர் எவ்வேடம் இரட்டித்துத் தாங்கி ஆடப்பட்டது என்பதனைக் குறித்தல் வேண்டும். சுவடிக்கு ஏடு கிடைத்த ஊரையும் கொடுத்தவர் பெயரையும் முகவுரையில் எழுதும் பதிப்பாசிரியர் கூத்துக்கு அதனைச் செய்யாமை விந்தையே. பின்பாட்டில் எவ்வடி எடுத்துக்கொடுக்கப்பட்டது என்பதும் குறிக்கத்தக்கது. மறதி விழும் இடங்கள் பாட்டின் அமைப்பைக் காட்டும். கட்டியக்காரன் பகுதியை நகைச்சுவை எனத் தனியே வெட்டி வைக்காமல், அந்நேரத்தில் கொட்டகையில் எவ்வேடம் கட்டப்பட்டது என்பதோடு இணைத்து எழுதுதல் வேண்டும். பல்கலைக்கழகத் துறைகள் கூத்தைப் படமெடுக்குங்கால் கருவியைக் களத்தின் முன்னே நிறுத்துகின்றன. மற்றொன்றைக் கொட்டகையில் வைத்தல் அரிய செலவன்று. ஆனால் கலைஞர் இசைவின்றி அதனைச் செய்தல் தகாது. வேடம் பாதி புனைந்த முகத்தைப் பிறர் பார்த்தல் ஆகாது என்று கருதும் மூத்தோர் உளர். அவர்க்குக் கண்ணாடி ஏந்திய கையை மட்டும் காட்டினாலும் நமக்குப் போதும்; பாட்டையும் பேச்சையும் செவி கேட்டுக்கொள்ளும்.

திருப்பெரும்புதூர்–ஒரகடச் சாலையைச் சார்ந்த ஊர்களில் இப்பணி விரைந்து தொடங்கத்தக்கது. பின்பாட்டில் பயின்ற தலைமுறையும் ஒத்திகையில் பயின்ற தலைமுறையும் ஒரே கொட்டகையில் அருகருகே அமர்ந்து முகம் எழுதும் காலம் இது. முன்னவர் வாராதவர்க்குப் பதிலாக எழுந்து கட்டுகிறார். பின்னவர் எனக்கு அப்பகுதி பயிற்றப்படவில்லை என்கிறார். அவ்வுரையாடல் நடக்கும் இடம் களத்திற்குப் பின்னே பத்தடி தொலைவில் உள்ளது.